இன்னும் குடிவராதவர்களுக்கு வாக்கு இல்லை

நகரத் திட்ட வரைபடங்களை உட்கார்ந்து பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். பெரும்பாலான வரைபடங்களில் விளைநிலம் பச்சையாகவும், குடியிருப்பு மஞ்சளாகவும், தொழிற்பகுதி ஊதாவாகவும் தீட்டப்பட்டிருக்கும். ஒரே புறநகரின் பழைய வரைபடத்தையும் பத்தாண்டு கழித்து வந்த வரைபடத்தையும் அருகருகே வைத்தால், ஓரங்களில் பச்சை மஞ்சளாகியிருக்கும் துண்டுகள் கண்ணில் படும். நகரம் வளரும்போது அது நடப்பதுதான். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. நான் பார்ப்பது அந்தத் துண்டுகளின் விளிம்பை. ஓடையோ, மேட்டு நிலமோ, சாலையோ விளிம்பாக இருந்தால், கோடு போட்டவர் தரையைப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். அப்படியில்லாமல், நேராக வந்த கோடு திடீரென்று ஒடிந்து, யாரோ ஒருவருடைய வேலியை மட்டும் பிசகாமல் சுற்றிக்கொண்டு மறுபடியும் நேராகப் போனால், அங்கே தரையைத் தவிர வேறெதையோ பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். தோன்றுவது சாட்சியம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், கடந்த முப்பது ஆண்டுகளில் வெவ்வேறு நாடுகளில் வெளியான விசாரணை அறிக்கைகளைப் படித்த பிறகு, அந்த ஒடிந்த கோடுகளை அலட்சியமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

நகரின் நடுவிலுள்ள நிலம் ஏற்கெனவே விலையேறிய நிலம். தொலைவிலுள்ள கிராமத்து நிலத்தை மனைத் தொழில் செய்பவர்கள் தேடிப் போவதில்லை. இவற்றுக்கு இடைப்பட்ட வளையத்தில்தான், ஏர் ஓட்டாமல், செங்கல் வைக்காமல், ஒரே ஒரு தீர்மானத்தால் நிலத்தின் மதிப்பு பல மடங்காகிறது. நேற்றுவரை புல் முளைத்த தரைக்கு இன்று வீடு கட்டலாம் என்ற அனுமதி கிடைத்துவிட்டால், தரையில் எந்த மாற்றமும் இல்லாதபோதே அதன் உரிமையாளர் செல்வந்தராகிவிடுகிறார். அந்த அனுமதியைத் தருவது உள்ளாட்சி மன்றத்தின் வாக்கெடுப்பு அல்லது ஓர் அமைச்சரின் கையெழுத்து. மற்றத் தொழில்களுக்கு அரசியல் என்பது சில நேரம் இடையூறு, சில நேரம் உதவி. புறநகரில் நிலம் வாங்கி விற்பவருக்கோ அரசியல்தான் மூலப்பொருள். மூலப்பொருள் கிடைக்கும் இடத்தில் தொழில் போய் உட்காருவதில் வியப்பில்லை.

1976இல் ஹார்வி மோலோட்ச் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நகரத்தை ஒரு வளர்ச்சி இயந்திரமாகப் பார்க்கச் சொன்னார். நில உரிமையாளர், வங்கியாளர், கட்டுமான ஒப்பந்ததாரர், உள்ளூர்ச் செய்தித்தாள் நடத்துபவர் ஆகியோருக்குள் ஆயிரம் சண்டை இருக்கலாம். ஊர் பெருக வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்பது அவருடைய வாதம். அது சரியான வாதம்தான். புறநகரில் அதைவிடக் கூர்மையான ஒன்று நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. நகரின் நடுவில் அந்த இயந்திரத்தை எதிர்ப்பதற்கு ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். புறநகரின் புதுத் திட்டத்தால் நன்மையோ தீமையோ அடையப்போகிறவர்கள் இன்னும் அங்கே குடிவரவே இல்லை. எங்கோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பத்தாண்டு கழித்து அங்கே வீடு வாங்கப்போகும் அந்தக் குடும்பங்களுக்கு இன்றைய மன்றத் தேர்தலில் வாக்கு கிடையாது. சாலை எவ்வளவு அகலம், பள்ளிக்கூடம் எங்கே, மழைநீர் எந்த வழியாக வடியும் என்பதையெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே வேறு யாரோ முடித்துவிடுகிறார்கள்.

அப்போது அங்கே வாக்கு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதுமை எய்திக்கொண்டிருக்கும் விவசாயிகள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், நல்ல விலைக்கு விற்றால் போதும் என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களோடு, முந்தைய திட்டத்தில் குடியேறி, வேலைக்குப் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம் என்று நாளைத் தொலைக்கும் இளம் குடும்பங்கள் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு நடக்கும் மன்றக் கூட்டத்துக்கு அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நகரத்துப் பத்திரிகையின் செய்தியாளர் அவ்வளவு தூரம் போவதில்லை. வட்டாரப் பத்திரிகை இருந்தால், அதன் பக்கங்களில் பாதி மனை விளம்பரமாக இருக்கும்.

இப்படியொரு பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நானே ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். நூற்றைம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். முதல் இரண்டு வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நிறக் கோப்பு வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் ஆலோசகர் திரையில் ஒளிப்புள்ளியை ஓடவிட்டுக்கொண்டே, இது பூங்கா, இது நடைபாதை, இது கடைத்தெரு என்று காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையோடு எழுந்து, பள்ளிக்கூடம் எப்போது வரும் என்று கேட்டார். "இரண்டாம் கட்டத்தில்" என்றார் ஆலோசகர். இரண்டாம் கட்டம் எப்போது என்று அவர் கேட்டதற்கு, முதல் கட்டம் விற்றுத் தீர்வதைப் பொறுத்தது என்று பதில் வந்தது. என் கவனத்தில் நின்றது வேறு ஒன்று. மேடையில் இருந்த மன்ற உறுப்பினர் ஒருவர், திட்ட ஆவணத்தில் தனக்குப் புரியாத பகுதி வந்தபோதெல்லாம், தன் பக்கத்தில் இருந்த அரசு அதிகாரியை விட்டுவிட்டு, அந்த ஆலோசகரின் முகத்தைத்தான் பார்த்தார். பகுதிநேரப் பொறுப்பு, சொற்ப மதிப்பூதியம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில நூறு பக்கம் படிக்க வேண்டிய கட்டாயம். யார் பொறுமையாக உட்கார்ந்து விளக்குகிறாரோ அவர் சொல்வதுதான் உறுப்பினருக்குத் திட்டம். செல்வாக்கு அநேகமாக அங்கேதான் தொடங்குகிறது, கையூட்டு பிறகு வந்தாலும் வரலாம், வராமலே போனாலும் போகலாம்.

கையூட்டு வந்த இடங்களில் அது எப்படி வந்தது என்பதைப் பார்க்க மெல்பர்ன் நகரின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள கேசி மாநகராட்சியை எடுத்துக்கொள்ளலாம். விக்டோரியா மாநிலத்தின் ஊழல் தடுப்பு ஆணையம் அங்கே நடந்ததை 2019 நவம்பர் முதல் பொது விசாரணையில் வைத்தது. 2020 பிப்ரவரியில் மன்றமே கலைக்கப்பட்டது. 2023 ஜூலையில் 34 பரிந்துரைகளோடு அறிக்கை வெளிவந்தது. ஒரு நில மேம்பாட்டாளர் இரண்டு மன்ற உறுப்பினர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 12 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்திருந்தார் என்று ஆணையம் கண்டறிந்தது. ஆலோசனைக் கட்டணம், முதலீடு, கடன் என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்ட பணம் அது. தொகையைவிட என்னை உறுத்தியது அறிக்கையில் வரும் ஒரு குடியிருப்போர் சங்கம். கிரான்பர்ன் மேற்குப் பகுதியில் தொழிற்பகுதியாக ஒதுக்கிய நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற வேண்டும் என்று அந்தச் சங்கம் கோரிக்கை வைத்தது. ஊர்க்காரர்களின் குரலாகவே அது மன்றத்துக்கும் மாநில அரசுக்கும் போய்ச் சேர்ந்தது. சங்கத்தைப் பின்னாலிருந்து நடத்தியவர்களும், அதன் கடிதங்களை எழுதித் தந்தவர்களும் மேம்பாட்டாளரின் தரப்பினர்தான் என்று விசாரணையில் வெளிவந்தது. ஊர்க்குரல் இல்லாத இடத்தில் ஊர்க்குரலையும் தொழிலே தயாரித்துத் தந்துவிட்டது. இன்னும் குடிவராதவர்களின் சார்பில் பேச வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. அதில் ஆள் உட்கார்ந்ததற்குக் கூலி கொடுத்தவர் யார் என்று கேட்க நான்கைந்து ஆண்டுகள் ஆயின.

டப்ளின் நகரின் கதை இதைவிடப் பழையது, நீளமானது. 1991 ஜூனில் அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே காலத்தில் டப்ளின் மாவட்ட மன்றம் புதிய வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. நகரின் மேற்கு ஓரத்தில் குவாரிவேல் என்ற இடத்திலிருந்த நிலம் பேரங்காடிக்காக வகைமாற்றம் பெற்றது, அதாவது திட்டத்தில் அதன் பயன்பாட்டு வகை மாற்றப்பட்டது. இன்று அங்கே லிஃபி வேலி என்ற பெரிய வணிக வளாகம் நிற்கிறது. மன்றத்தின் திட்ட அதிகாரிகள் வேண்டாம் என்று எழுதிய இடங்களையெல்லாம் உறுப்பினர்கள் வாக்களித்து மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1997இல் விசாரணைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. 2000இல், அரசின் முன்னாள் பத்திரிகைச் செயலாளரும் பின்னர் அரசியல் தரகராக மாறியவருமான ஃபிராங்க் டன்லப், நிலங்களுக்கு ஆதரவாக வாக்களிக்கும்படி மன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்ததைச் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். 2009இல் சிறைக்கும் போனார். தீர்ப்பாயத்தின் இறுதி அறிக்கை 2012 மார்ச்சில்தான் வந்தது. ஊழல் அந்தக் காலத்து ஐரிஷ் அரசியலின் எல்லா மட்டங்களையும் பிடித்திருந்தது என்று அது எழுதிவைத்தது. பணம் பெற்றதை மறுக்க முடியாதவர்கள் சொன்ன வழக்கமான பதில், அது தேர்தல் நன்கொடை என்பதுதான். தேர்தலும் வகைமாற்ற வாக்கெடுப்பும் அக்கம்பக்கத்தில் வந்தால், நன்கொடைக்கும் கையூட்டுக்கும் நடுவில் கோடு கிழிப்பது எந்த நீதிபதிக்கும் எளிதன்று.

அதனால்தான் நன்கொடையையே தடை செய்துவிடலாம் என்று சிலர் முடிவெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2009இல் நில மேம்பாட்டாளர்களின் அரசியல் நன்கொடைக்குத் தடை விதித்தது. நியூகாசில் நகர மேயராக இருந்த ஜெஃப் மெக்லாய், தாமே ஒரு மேம்பாட்டாளர். தடை இருந்தபோதே வேட்பாளர்களுக்குப் பணம் கொடுத்ததை 2014இல் விசாரணையில் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். சில நாட்களில் தாம் நடமாடும் ஏ.டி.எம். போல உணர்ந்ததாக அங்கே அவர் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கொடுப்பவர்தான் அரசியலை வளைக்கிறார் என்று நாம் பேசுகிறோம். கேட்பவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்பது கொடுப்பவருக்குத்தான் தெரியும்போலும். தடை செல்லாது என்று அவர் தொடுத்த வழக்கு 2015இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் தோற்றது. குவீன்ஸ்லாந்தில், 2016 உள்ளாட்சித் தேர்தலில் கோல்டு கோஸ்ட், இப்ஸ்விச், லோகன், மோர்டன் பே ஆகிய பகுதிகளில் நடந்ததை ஆராய்ந்த விசாரணைக்குப் பிறகு, 2018இல் அதே தடை வந்தது. பெயர்களைக் கவனித்தால், பிரிஸ்பேன் மாநகரைச் சுற்றி வேகமாக வளரும் வட்டாரங்களே அவை. தடை தேவை என்றே நான் கருதுகிறேன். ஆனால் பணத்தின் ஒரு வாசலை அடைத்தால் அது ஆலோசனைக் கட்டணமாகவோ கடனாகவோ மறு வாசலில் வந்து நிற்கக்கூடும். கேசியில் பணம் அப்படிப்பட்ட பெயர்களில்தான் வந்தது.

சட்டத்தை மீறாமலேயே இதைச் செய்யலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறாண்டுகளுக்கு முன்பே நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்ற கட்சித் தலைவர், பூங்கா எங்கே வரப்போகிறது, பாலம் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அங்கே நிலம் வாங்கிப்போடுவதை "நேர்மையான ஊழல்" என்று பெருமையாகவே விவரித்தார். இன்றைய வட்டச்சாலைத் திட்டங்களிலும் யாருக்கு முதலில் வரைபடம் கிடைக்கிறது என்பதே பாதிக் கதை. வேறு சில இடங்களில் தொழில் அரசியலை வளைக்க வேண்டிய அவசியமே எழவில்லை, ஏனென்றால் வளைக்க அங்கே உள்ளூர் அரசியல் இல்லை. டெல்லியின் விளிம்பிலுள்ள குருகிராமில் ஹரியானாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று நிலத்தைத் திரட்டி, குடியிருப்புகளையும் கண்ணாடிக் கோபுரங்களையும் எழுப்பின. மாநகராட்சி என்ற ஒன்று அங்கே 2008இல்தான் உருவானது. அதற்குள் சாலைகள் எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பது முடிந்துபோயிருந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகு பலரும் சொல்லும் மருந்து, முடிவெடுக்கும் அதிகாரத்தை மன்ற உறுப்பினர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது. கேசி அறிக்கையும் திட்ட அனுமதிகளைத் சார்பற்ற நிபுணர் குழுக்களிடம் தரும்படி பரிந்துரைத்தது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. அதிகாரம் மேலே போனால் செல்வாக்கும் படியேறி மேலே போகும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் காட்டியிருக்கிறது.

டொராண்டோ நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் அணைத்தபடி சுமார் 20 லட்சம் ஏக்கர் பரப்பில் 2005இல் ஒரு பசுமை வளையம் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் மாகாண அரசு அதிலிருந்து 15 இடங்களை, மொத்தம் ஏறத்தாழ 7,400 ஏக்கரை, வீடு கட்டுவதற்காக விடுவிக்கப்போவதாக அறிவித்தது. 50,000 வீடுகள் வரும் என்றார்கள். 2023 ஆகஸ்டில் தலைமைத் தணிக்கையாளர் தந்த அறிக்கை, இடங்கள் எப்படித் தேர்வாயின என்பதை நாள்வாரியாக எழுதியிருந்தது. மனைத் தொழில் அமைப்பு ஒன்றின் விருந்தில் இரண்டு மேம்பாட்டாளர்கள் வீட்டுவசதி அமைச்சரின் அலுவலகத் தலைவரிடம் ஆவண உறைகளைக் கொடுத்திருக்கிறார்கள். விடுவிக்கப்பட்ட நிலப்பரப்பில் சுமார் 92% அந்த இருவர் கேட்ட இடங்களோடு தொடர்புடையது. இடங்களைப் பரிசீலிக்க அதிகாரிகளுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம். சூழலும் வேளாண்மையும் தொடர்பான அளவுகோல்களை வைத்தால் பெரும்பாலான இடங்கள் தேறாது என்று தெரிந்தபோது, அளவுகோல்கள் கைவிடப்பட்டன. நிலங்களின் மதிப்பு 830 கோடி கனடிய டாலர் அளவுக்கு உயரக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. இத்தனைக்கும் மாகாணத்தின் வீட்டு இலக்கை எட்ட அந்த நிலமே தேவையில்லை என்றும் அறிக்கை சொன்னது. அமைச்சர் செப்டம்பரில் விலகினார். அதே மாதம் முதல்வர் டக் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார்.

திரும்பப் பெற வைத்தது எது என்று யோசித்திருக்கிறேன். தணிக்கையாளரின் அதிகாரம் பெரிய காரணம். அதோடு, அந்தப் பச்சைக்கு ஒரு பெயர் இருந்தது. பதினேழு ஆண்டுகளாகச் சாலையோரப் பலகைகளில் மக்கள் அந்தப் பெயரைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். அங்கே குடியிருக்காதவர்களும் அதைத் தங்களுடையது என்று எண்ணினார்கள். பெயரில்லாத பச்சைகள் உலகெங்கும் சத்தமில்லாமல் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காகத் தெருவில் இறங்க யாரும் இல்லை.

என் எண்ணம் வேறு திசையில் போகிறது. கையெழுத்தால் பிறக்கும் லாபம் அவ்வளவு பெரிதாக இருக்கும்வரை, யாரிடம் பேனா இருந்தாலும் அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். லாபத்தைக் குறைத்தால்தான் கூட்டம் குறையும். அயர்லாந்தில் இதை 1973இலேயே ஒருவர் தெளிவாக எழுதினார். நீதிபதி ஜான் கென்னி தலைமையிலான குழு, புறநகர் நிலத்தை உள்ளாட்சி மன்றங்களே அதன் அப்போதைய பயன்பாட்டு மதிப்போடு 25% சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. வகைமாற்றத்தால் பிறக்கும் மதிப்பு அப்போது பொதுவுக்கு வந்துவிடும். உறுப்பினருக்குக் கையூட்டு கொடுத்து நிலத்தை மஞ்சளாக்குவதில் ஆதாயம் இருக்காது. சொத்துரிமைக்கு எதிராகிவிடும் என்ற தயக்கத்தில் அது கிடப்பில் போனது. குவாரிவேல் வாக்கெடுப்புகள் நடந்தபோது அந்த அறிக்கைக்கு வயது பதினெட்டு.

வரி போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டன் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வளர்ச்சி அனுமதியால் வரும் மதிப்பு உயர்வு முழுவதையும், அதாவது 100%, அரசுக்கென்று எடுத்தது. ஆட்சி மாறிய பின் 1953இல் அது நீக்கப்பட்டது. 1967இல் 40% தீர்வையாகத் திரும்பிவந்தது. அடுத்த ஆட்சியில் அதுவும் போனது. 1976இல் மூன்றாவது முறை வந்த வரி 1985இல் ஒழிந்தது. அயர்லாந்தில், வீட்டுச் சந்தை சரிந்து கிடந்த 2009இல், வகைமாற்ற லாபத்துக்கு 80% வரி விதித்தார்கள். சந்தை எழுந்து உட்கார்ந்ததும் 2015 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இந்த வரிகளெல்லாம் நிலத்தைச் சந்தைக்கு வரவிடாமல் முடக்கிவிட்டன என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது பொய்யில்லை. உரிமையாளர்கள் விற்காமல் அடுத்த தேர்தலுக்காகக் காத்திருந்தார்கள். வரியை நீக்குவோம் என்று சொல்லும் கட்சிக்கு உதவ அவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இப்போது விக்டோரியா மாநிலத்தின் முறை. 2023 ஜூலை 1 முதல், வகைமாற்றத்தால் நிலத்தின் மதிப்பு 5 லட்சம் டாலரோ அதற்கு மேலோ உயர்ந்தால், உயர்வில் பாதி அரசுக்குப் போகிறது. நகரின் வெளி விளிம்பிலுள்ள வளர்ச்சிப் பகுதிகளுக்கு ஏற்கெனவே உள்கட்டமைப்புப் பங்களிப்பு என்ற தனிக் கட்டணம் இருப்பதால், அங்கே நடக்கும் சில மாற்றங்களுக்கு இந்த வரியிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனின் மூன்று முயற்சிகளில் நீண்ட ஆயுள் பெற்றது ஒன்பது ஆண்டு நின்றது. அயர்லாந்தில் ஐந்து ஆண்டுதான். மெல்பர்ன் விளிம்பில் நிலம் வாங்கிப்போட்டிருப்பவர்கள் அதைவிட அதிக காலம் காத்திருந்து பழகியவர்கள்.